ஆவுடையம்மாள் எடுக்காத லீவு

மருதங்கரையில் முதல் லீவு நாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அதற்கடுத்த புதன்கிழமைக்கும் நடுவில். அன்று கிழக்கே விடியவில்லை. பேருந்து நிலையத்தில், கட்டணக் கழிப்பறைக்கும் கிதர் பாயின் டீக்கடைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிற டைம் ஆபீஸின் கம்பி ஜன்னலிலிருந்து விடிந்தது. முதலில் கம்பிகளுக்கு நடுவில் வெளுத்து, அந்த வெளுப்பு சிமெண்டு பெஞ்சுகளில் இறங்கி, நின்றிருந்த பஸ்களின் கூரைமேல் ஏறி, தேரடி வழியாகக் கடைத்தெருவுக்குள் புகுந்து, ஆற்றங்கரை மருத மரங்களின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. கிதர் பாய்தான் முதலில் பார்த்தவர். இன்றைக்கு வெளிச்சம் பின்பக்கமாக வருகிறதே, கண்ணில் அடிக்குமே என்று பாய்லரைத் திருப்பி வைத்தார். அதற்குமேல் அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

வீடுகளில் செவ்வாய்க்கிழமைத் தாளைக் கிழிக்கப் போனவர்களுக்குக் காலண்டர் இசைந்து கொடுக்கவில்லை. விடாமல் இழுத்தவர்கள் காலண்டரோடு ஆணியையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செல்போனில் மணி இருந்தது, தேதி இல்லை, பேச்சும் போகவில்லை. காக்கை கத்தியது, குழாயில் தண்ணீர் வந்தது, வேளாவேளைக்குப் பசித்தது, ஆனால் அது எந்தக் கிழமையும் இல்லை. பாபநாசத்துக்கு முதல் பஸ்ஸை எடுத்த டிரைவர் உச்சிமாகாளி, ஊரின் மேற்கு எல்லையில் இருக்கிற அலங்கார வளைவைத் தாண்டியதும், பஸ் கிழக்கே ஆற்றுப்பாலத்தில் இறங்கி ஊருக்குள் வந்துகொண்டிருப்பதைக் கண்டார். மறுபடி போனார், மறுபடி வந்தார். பாபநாசத்தில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்த ஒரு குடும்பம், ஆறு அதே ஆறுதானே என்று இறங்கி, இங்கேயே படித்துறையில் பிள்ளைக்கு முடியிறக்கிவிட்டு, சந்தனத் தலையோடு அதே பஸ்ஸில் ஏறி இன்னொரு சுற்றுப் போய் வந்தது.

அந்தப் பஸ்ஸுக்கு விசில் ஊதி அனுப்பியவள் ஆவுடையம்மாள். அவள்தான் அங்கே டைம் கீப்பர். எந்தப் பஸ் எந்த நிமிஷத்தில் கிளம்ப வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று விசிலாலும் மைக்காலும் ஆட்டிவைக்கிறவள். அப்பா டிரைவராக வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, வாரிசு வேலையாக, சேலை கட்டிப் பழகிய வயதில் அந்தக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் அதே கூண்டில் இருந்தாள். அன்று காலையில் கண் விழித்தபோது அவள் உள்ளங்கை இரண்டும் மருதாணியில் சிவந்து கிடந்தன. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

அடுப்படியிலிருந்து காபியோடு வந்த அவள் கணவன் அனஞ்சபெருமாள் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் வேலை பார்த்த நூல் மில்லை மூடியதிலிருந்து வீட்டில் சமையல் அவர் பொறுப்பு.

“ஏட்டி, இது நம்ம கல்யாணத்து மருதாணில்லா. சுண்டுவிரல்ல மட்டும் பத்தாம இருந்துச்சே, அதே மாதிரி இருக்கு பாரு.”

“அதெப்படி வரும்?”

“வந்திருக்கே. கல்யாணம் முடிஞ்ச கையோட நாம புனலூருக்குப் போறதா இருந்தோம். தொங்குபாலம் பாக்கணும்னு நீதான் சொன்ன. லீவு எழுதிக் கொடுத்திட்டு, பொங்கல் முடிஞ்சு திரும்புற கூட்டத்தப் பாத்ததும் நீயே திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போட்ட. அந்த நாளு இப்ப வந்திருக்கு.” சொல்லிவிட்டு அவர் பீரோவைத் திறந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்தார். “குளிச்சிட்டு வா. கிளம்புவோம்.”

ஆவுடை காபியைக் குடித்து முடித்தாள். “டூட்டி இருக்குங்க” என்றாள். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிவந்த கைகளோடு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கென்று வந்த லீவு நாளில் ஊரெல்லாம் சும்மா இருக்க, அவள் ஒருத்தி வேலைக்குப் போனாள். வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

லீவு எடுப்பதில்லை என்று அவள் சபதம் ஏதும் செய்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீ குடிக்கக் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில், கவர்மெண்டு பஸ்ஸும் மினி பஸ்ஸும் ஒரு நிமிஷத்துக்காகச் சண்டை போட்டு உரசிக்கொண்டு, பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து அவள் காலடியில் விழுந்தது. அன்று பிடித்தது அவளை. நான் நகர்ந்தால் பஸ்ஸும் பஸ்ஸும் முட்டிக்கொள்ளும் என்று உள்ளுக்குள் ஒரு பயம், அதற்கும் உள்ளே, நான் இல்லாமல் இந்த ஊரில் ஒரு சக்கரம் சுற்றாது என்று கொஞ்சம் கர்வம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு ஸ்பெஷல், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் கூட்டம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், பொங்கல், என்று ஒன்று முடியுமுன் ஒன்று வந்தது. அவளுக்குரிய தற்செயல் விடுப்பெல்லாம் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் காலாவதி ஆனது. காலாவதி ஆகும் என்றுதான் விதியில் இருக்கிறது. ஆன பிறகு அது எங்கே போகும் என்று விதியில் இல்லை.

மறுநாள் ஒழுங்காகக் கிழக்கே விடிந்து, புதன்கிழமை எதுவும் நடக்காததுபோல வந்து நின்றது. வெளியூரில் யாருக்கும் அப்படி ஒரு நாள் வந்துபோன சங்கதியே தெரியவில்லை. ஆவுடையின் கையில் மருதாணி இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்தும் இல்லை. சரி, இப்படி ஒன்று நடந்ததாக்கும் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போதே, சில வாரம் கழித்து இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது எப்படி என்றால், புது மருமகளுக்குப் பழகுவதைப் போலத்தான், முதலில் ஓரக்கண்ணால் பார்த்து, பிறகு குறை சொல்லி, பிறகு அவள் இல்லாமல் முடியாது என்றாகி. லீவு நாள் வருவதற்கு முந்தின ராத்திரி இட்லி மாவு பொங்காது என்பதைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். விடியக் கருக்கலில் மூடியைத் திறந்து, அரைத்தபடியே கிடக்கிற மாவைப் பார்த்து, “இன்னைக்கு லீவு, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு அவர்களும் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அந்த நாளுக்கு ராகுகாலம் இல்லை, எமகண்டம் இல்லை, அஷ்டமி நவமி இல்லை என்பதால் கோயில் பட்டருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரே, எந்தக் குறையும் சொல்ல முடியாத நாள் உலகத்தில் இது ஒன்றுதான் என்று சொல்லித் தன் வீட்டுக்குப் புதுக் கதவு வைத்தார். கிதர் பாய்க்குச் சர்க்கரை வியாதி. தேதியில்லாத நாளில் தின்பது உடம்பில் சேராது என்று யாரோ சொல்ல, அல்வா வாங்கிப் பாதியைத் தின்று மறுநாள் ரத்தம் சோதித்து, ஏறவில்லை என்று தெரிந்ததும் அடுத்த லீவு நாளில் மீதியையும் தின்றார். பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள் அன்றைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள், மறுநாள் பேசாமலிருந்தார்கள், அடுத்த லீவு நாளில் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

ஒவ்வொரு லீவு நாளும் ஒரு குணத்தோடு வந்தது. சித்திரை வெயிலுக்கு நடுவே ஒரு நாள் ஐப்பசி மழையோடு வந்தது, அன்று ஆற்றில் வெள்ளம், ஊரில் அத்தனை பேருக்கும் இதமாக ஒரு காய்ச்சல். எல்லாரும் போர்த்திப் படுத்து மிளகுக் கஞ்சி குடித்து, ஓட்டில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு, இவ்வளவு சுகமான காய்ச்சல் வாழ்க்கையில் கண்டதில்லை என்றார்கள். இன்னொரு நாள் ஊர்ப் பெண்கள் கையிலெல்லாம், கைம்பெண்கள் கையிலும்கூட, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் ஏறியிருந்தது, தண்ணீர் இறைத்தாலும் மாவாட்டினாலும் தெருவே சிணுங்கியது. அன்று கீழத்தெரு பேச்சிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கிழமையில்லாத நாளில் பிறந்ததற்குப் பிறந்தநாள் எது என்று யாருக்கும் தெரியவில்லை. இனி வருகிற லீவு நாளெல்லாம் அதன் பிறந்தநாள்தான் என்று தெரு முடிவு செய்து, ஒவ்வொரு தடவையும் அதற்குப் பாயசம் வைத்தது.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அமலோற்பவம் டீச்சர்தான் முடிச்சை அவிழ்த்தவர். அந்த வளையல் நாளன்று சாயங்காலம் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, கம்பி வழியாக ஆவுடையின் கையைப் பார்த்தார். அவள் கையில்தான் வளையல் அதிகம்.

“ஏம்மா, உன் தங்கச்சிக்கு வளைகாப்பு நடந்தப்போ நீ போகலைன்னு ஒரு பேச்சு வந்துதே, நெசமா?”

“கூட்டம் டீச்சர். தசரா ஸ்பெஷல் ஓடிச்சு.”

“பெருவெள்ளத்தப்போ காய்ச்சலோட வந்து உக்காந்திருந்தியே?”

“பஸ்ஸையெல்லாம் பாலத்துக்கு இங்கிட்டே நிறுத்தணும்லா டீச்சர். ஆரு நிறுத்துவா?”

டீச்சர் கம்பிக்குள் கையை விட்டு அந்த வளையல்களைத் தொட்டார். “ஆவுடை, இதெல்லாம் நீ எடுக்காத லீவுடி. நீ திங்காம வச்ச சோத்த ஊரு திங்குது” என்றார். ஆவுடை அதற்குப் பதில் சொல்லுமுன் உச்சிமாகாளி பஸ் பாலத்துப் பக்கமிருந்து திரும்பி வந்துவிட்டது. அவள் விசிலை ஊதினாள்.

செய்தி தெரிந்ததும் ஊருக்கு ஆவுடைமேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. அவள் தும்மினால் நாலு வீட்டிலிருந்து கஷாயம் வந்தது. அவள் நடக்கிற வழியில் வாழைப்பழத் தோல் கிடந்தால் பெரிய மனிதர்கள் குனிந்து எடுத்தார்கள். இத்தனைக்கும் காரணம் எளிதானது. அவள் லீவு எடுக்காமல் இருக்கிறவரைக்கும்தான் அது சேரும், சேர்ந்தால்தான் ஊருக்கு வரும். அவளுக்கு உடம்புக்கு ஒன்று வந்து, படுத்து, நிஜமான கிழமையில் ஒரு லீவை எடுத்துத் தொலைத்துவிட்டால் ஊருக்கு ஒரு நாள் நஷ்டம். “யக்கா, ஒங்கள மாதிரி ஆளு இருக்கவேதான் இந்த ஊரு ஓடுது” என்று உச்சிமாகாளி சொன்னபோது அவளுக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிரத்தான் செய்தது.

அனஞ்சபெருமாள் மட்டும் எப்போதும்போலத்தான் இருந்தார். லீவு நாள்தோறும் காலையில் பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொள்வார். அவள் விசிலை எடுப்பதைப் பார்த்துவிட்டு, அவிழ்த்து மடித்து வைப்பார். மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கேரியரில் போட்டு, வலிக்கிற முழங்காலைத் தடவித் தடவி நடந்து டைம் ஆபீஸுக்கு வருவார், இரண்டு பேரும் மேசையில் வைத்துச் சாப்பிடுவார்கள். அவர் ஏதாவது சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சலங்கை நாள் வந்தது ஒரு ஆனி மாதத்தில். அன்று யார் நடந்தாலும் காலில் சலங்கை ஒலித்தது, காலில்தான் ஒன்றும் இல்லை. மீன்காரி கூடையோடு ஜல் ஜல் என்று போனாள். ஸ்டேஷன் ஏட்டையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜல் ஜல் என்று வந்தார், சிரிக்கிறவர்களை முறைத்தார், முறைத்துவிட்டு யாருமில்லாத சந்தில் போய் ஒரு குதி குதித்துப் பார்த்தார். ஊர் நாய்கள்கூட அன்று தாளத்தோடு ஓடின. டைம் ஆபீஸில் நாற்காலியைப் பின்னால் தள்ளிய ஆவுடை, தன் காலிலிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது பிரம்மு ஆடிய நாள்.

பிரம்மு அவர்களுடைய ஒரே மகள், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். சின்னப் பிள்ளையாக இருக்கையில் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் ஆடினாள். “நீ முன்னால உக்காரணும்மா, உன்னப் பாத்தாத்தான் எனக்கு அடவு மறக்காது” என்று கேட்டுக்கொண்ட பிள்ளை. ஆவுடை வருகிறேன் என்று சொல்லி, வரவில்லை. பிள்ளை மேடையில் நின்று முன்வரிசையைப் பார்த்துப் பார்த்து, பாதியில் அடவு மறந்து, உள்ளே ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அது ஆடவேயில்லை.

ஆவுடை கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். டைம் ஆபீஸ் ஜன்னல் சாத்தி அந்த ஊர் பார்த்ததில்லை. கிதர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க, அவள் ஜல் ஜல் என்று பஸ்களுக்கு நடுவே நடந்து, தேரடியைத் தாண்டி, பள்ளிக்கூட அரங்குக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில், சலங்கைச் சத்தத்துக்குத் தானாக வந்து கூடிய பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், நன்றாகத்தான் ஆடினார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அடுத்தது பிரம்முவாக இருக்கும் என்று பார்த்தாள். கடைசியில் மேடை காலியானது. அமலோற்பவம் டீச்சர் விளக்கை மட்டும் எரியவிட்டுப் போனார். எப்போது வந்தாரோ, பக்கத்தில் அனஞ்சபெருமாள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“பிள்ள வரலங்க.”

“அவ ஓசூர்ல இருக்காட்டி. அவளுக்கு இந்த நாளே கிடையாது. நேத்து படுத்தா, நாளைக்கு எந்திரிப்பா.”

“நாளு மட்டும் வந்திருக்கு.”

“ஆமா” என்றார். “நாளு திரும்பி வருது. ஆளு திரும்பி வரல. என் முட்டியும் திரும்பி வரல.”

அவளுக்கு அழுகை வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து, அன்றைக்கு உட்கார வேண்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்து, போதும் போதும் என்கிறவரைக்கும் அழுதாள். அவர் தோள் துண்டைக் கொடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும்போதுதான் அவளுக்குப் பஸ் ஞாபகம் வந்தது. ஓடினாள். சலங்கை ஊரைக் கூட்டியது. போய்ப் பார்த்தால், கிதர் பாய் ஒரு கையில் டீ கிளாஸும் இன்னொரு கையில் விசிலுமாக நின்று ஊதிக்கொண்டிருந்தார். கவர்மெண்டு பஸ் மினி பஸ்ஸுக்கு வழிவிட்டது. மினி பஸ் டிரைவர் கைகாட்டிச் சிரித்தான். அவள் ஒவ்வொரு பஸ்ஸையும் சுற்றி வந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

“பத்திரமா பாத்துக்கிட்டோம்மா” என்றார் கிதர் பாய், பெருமையாக. அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆவுடை கடைசிப் பஸ்ஸின் கண்ணாடியை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். ஒரு கீறலாவது விழுந்திருக்கலாமே என்று நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டு முடிந்ததும் உடம்பே லேசானதுபோல இருந்தது. கிதர் பாய் கொடுத்த டீயைக் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஆற அமரக் குடித்தாள்.

மறுநாள், நிஜமான கிழமையில், விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கப் போவதாக அவள் சொன்ன மாத்திரத்தில் ஊர் கூடிவிட்டது. சர்வீஸ் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது, இப்போது என்ன அவசரம் என்று டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரே கூட்டம்.

“யக்கா, ஆடி அமாவாசை முடியட்டும்க்கா. காரையாறு கூட்டத்த ஒங்களத் தவிர ஆரு தாங்குவா?” என்றார் உச்சிமாகாளி.

“ரிட்டயர்டு ஆனா லீவு ஏதும்மா? லீவு இல்லன்னா எங்களுக்கு எப்படி வரும்? சேத்து வச்சது தீந்ததும் நான் அல்வாவுக்கு எங்க போவேன்?” என்றார் கிதர் பாய். அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது.

பட்டர் தன் வீட்டில் இன்னும் ஒரு ஜன்னல் வைக்க வேண்டியிருப்பதைச் சொன்னார். பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே விஷயத்தைத் தனித்தனியாக வேண்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் கடைசியாகப் பேச்சி, இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள். “எம் பிள்ளைக்கு லீவு நாளுதான் மதினி பொறந்தநாளு. நீங்க போயிட்டா இது என்னைக்குப் பொறந்ததுன்னு நான் சொல்லுவேன்?”

குழந்தை கம்பிக்குள் கையை விட்டு விசிலைப் பிடித்து இழுத்தது. ஆவுடை தடுமாறினாள். அவளை இவ்வளவு பேர் சேர்ந்து வேண்டும் என்று சொன்னதில்லை. சரி, இந்த ஆடி முடியட்டும், அதற்கென்ன என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தாள். அனஞ்சபெருமாள் கேரியரோடு வந்து, உள்ளே வர வழியில்லாமல், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார். இத்தனை வருஷமும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது.

“கேட்டியளா” என்று மைக்கை எடுத்தாள். கூட்டம் அடங்கியது. “ஆடி முடிஞ்சா தசரா வரும். தசரா முடிஞ்சா பொங்கல் வரும். கூட்டம் முடிஞ்சு போவோம்னு நானும் பாத்துட்டேன், அது முடியாது. ஒங்களுக்கு லீவு வேணும்னா நீங்க எடுங்க. ஆளாளுக்குக் கை கால் இருக்கு, கடைக்குக் கதவு இருக்கு. சாத்துங்க. எல்லாரும் சேந்து என் லீவ எதுக்குத் திங்கிய?”

யாருக்கும் இது தோன்றியதே இல்லை. கிதர் பாய் திரும்பித் தன் கடைக் கதவைப் பார்த்தார். அதற்குக் கதவு இருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

“மதினி, பிள்ளைக்கு?” என்றாள் பேச்சி.

விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆவுடை சுவரிலிருந்த காலண்டரை எடுத்து, ஆடியைப் புரட்டினாள், பண்டிகைகளை எல்லாம் புரட்டினாள், விரதம் இல்லாத, முகூர்த்தம் இல்லாத, ஸ்பெஷல் பஸ் இல்லாத, எதற்கும் ஆகாமல் சும்மா கிடக்கிற ஒரு புதன்கிழமையில் விரலை வைத்தாள். “நான் கிளம்புற நாளு இது. இதையே அவளுக்குப் பொறந்தநாளா வச்சுக்கோ. வருஷா வருஷம் வரும், மாவு பொங்குதான்னு பாக்க வேண்டாம்.” பேச்சி குழந்தையின் காதில் கிழமையைச் சொன்னாள். அது விசிலை வாயில் வைத்து ஊதியது.

இடையில் ஆடி அமாவாசை வந்து, கூட்டமும் வந்து, போனது. சேர்ந்திருந்த லீவு நாட்களில் சில அப்போதும் வந்தன, ஆனால் அந்த நாட்களில் ஆவுடை டூட்டிக்குப் போகவில்லை, வேட்டி கட்டிய கணவனோடு ஆற்றில் குளித்தாள், அவர் சமையலைச் சூடாகத் தின்றாள். புனலூருக்கு மட்டும் போக முடியவில்லை. அந்த நாட்களில் வளைவைத் தாண்டினால் பாலம்தான் வரும். வெளியே போவதென்றால் கிழமையுள்ள நாளில்தான் போக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை கிழக்கே விடிந்தது. புனலூர் பஸ்ஸை எடுக்க உச்சிமாகாளி டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆவுடை ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் பட்டுக்கரை வேட்டியில் அனஞ்சபெருமாள், மடியில் கேரியர். டைம் ஆபீஸில் புதிதாக வந்திருந்த டைம் கீப்பர், கிளம்பச் சொல்லலாமா என்று அவளைப் பார்த்தான். அவள் சோடாக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேரம் தாண்டியது. விரல்கள் அரித்தன. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். “லேட்டாவுதுட்டி” என்றார் அவர். “ஆகட்டுமே” என்றாள், அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் விசில் கேட்டது.

பஸ் மேற்கே போன கையோடு ஊர் கிழக்கே ஓடியது. வளைவைத் தாண்டிய பஸ் பாலத்தில் வந்து இறங்குமா என்று பார்க்க, பாதி மருதங்கரை ஆற்றுப்பாலத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பட்டர் நின்றார், டீச்சர் நின்றார், பேச்சி புதுச்சட்டை போட்ட குழந்தையோடு நின்றாள்.

“பாய், கடைய ஆரு பாக்கா?” என்று கேட்டார் அமலோற்பவம் டீச்சர்.

“சாத்திட்டேன் டீச்சர்.”

“எதுக்கு?”

“லீவு” என்றார் கிதர் பாய். அந்தச் சொல்லை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ருசி பார்த்தார்.

பாலத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது, ஒரு பால் வேன் வந்தது, பஸ் வரவில்லை. வரவே இல்லை என்பது உறுதியானபோது ஊர் கைதட்டியது.

பஸ்ஸுக்குள்ளே, வளைவின் நிழல் கூரைமேல் விழுந்து நகர்ந்தபோது ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பாலம் இல்லை, ஆறு இல்லை. முன்னால் ரோடு கிடந்தது, இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மலை. கழுத்தில் விசில் இல்லாத இடத்தில் காற்று அடித்தது. இத்தனை வருஷம் மைக்கில் வழி ஊர்களின் பெயரைச் சொன்ன பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஆழ்வார்குறிச்சி” என்று சொன்னாள், மைக் இல்லாமல், மெதுவாக. கொஞ்ச நேரத்தில், ஓட்டு வீடுகளும் ஒரு கோயிலும் சைக்கிள் கடையுமாக, ஆழ்வார்குறிச்சி எதிரே வந்தது.

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடையம்” என்றாள்.

கடையம் வந்தது.